துப்பாக்கி எதுவரை வரலாம்?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் பகுதியை முழுக்கப் படித்தால், ஆயுதம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பத்தாவது விதியில். குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடலாம் என்கிறது அந்த விதி. அமெரிக்கர்கள் 1791-இலேயே ஆயுதம் வைத்திருப்பதையும் சுமப்பதையும் மக்களின் உரிமையாக எழுதிக்கொண்டார்கள். நாம் 1957-இல் எழுதியபோது, இந்திய அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவைப் போலவே, ஆயுதத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வா என்றுதான் எழுதினோம். கைத்துப்பாக்கியை யார் எங்கே கொண்டுபோகலாம் என்ற கேள்விக்கு இரண்டு நாடுகளும் இரண்டு விதமாகப் பதில் சொல்வது இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

கேள்வி எனக்கு வந்தது ஒரு கல்யாணத்தில். சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவில் ஒரு மண்டபம். எதிர்மேசையில் இருந்த வியாபாரி ஒருவர் கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்கக் குனிந்தார், சட்டை ஏறியது, இடுப்பில் தோலுறை தெரிந்தது. என் அண்ணி பார்த்துவிட்டார். "லைசென்ஸ் இருக்குமாக்கும். இருந்தா மட்டும் கல்யாணத்துக்குக் கொண்டு வரலாமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் மேசையில் இரண்டு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒருவர் வரலாம் என்றார், மற்றவர் வரக்கூடாது என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

அண்ணியின் கேள்விக்கு நேர்ப்பதில் தேடிப் புறப்பட்டால், முதலில் கிடைப்பது அமெரிக்கப் பட்டியல்கள்தான். அங்கே ஒவ்வொரு மாநிலமும், மறைத்துவைத்துச் சுமக்கும் அனுமதி பெற்றவர் எங்கே நுழையக் கூடாது என்று தனித்தனியாக எழுதிவைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, சிறை, மதுக்கடை என்று அது நீளும். டெக்சஸ் மாநிலத்தில் கடைக்காரர் ஒருவர் தன் கடைக்குள் மறைத்த துப்பாக்கி வரக்கூடாது என்று நினைத்தால் வெறுமனே ஒரு பலகை மாட்டினால் போதாது. சட்டத்தின் 30.06 பிரிவு சொல்லும் அதே வாசகம் வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வேண்டும், எழுத்துகள் குறைந்தது ஓர் அங்குல உயரம் வேண்டும். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிற கடை என்றால் 51 என்ற எண்ணைச் சிவப்பில் போட்ட பலகை. படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. அந்த ஊர்க் கல்யாணத்தில் என் அண்ணி வாசலில் பலகையைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டிருப்பார்.

அந்த ஊர்ச் சண்டையும் இப்போது இடத்தைப் பற்றியதுதான். நியூயார்க்கில் நூறாண்டுக்கு மேலாக, துப்பாக்கி சுமக்க அனுமதி கேட்பவர் தனக்கென்று தனிக் காரணம் காட்டவேண்டியிருந்தது. 2022 ஜூன் 23 அன்று, ப்ருவென் வழக்கு என்று சொல்லப்படும் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை அடித்துவிட்டது. பள்ளி, அரசுக் கட்டடம் போன்ற தனிப் பாதுகாப்பு தேவைப்படும் இடங்களில் தடை செல்லும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் கூட்டம் அதிகம், போலீஸ் நடமாட்டம் அதிகம் என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் அப்படி அறிவித்துவிட முடியாது என்றது. சுமார் ஒரு வாரத்தில் நியூயார்க் சட்டமன்றம் டைம்ஸ் சதுக்கம், பூங்கா, ரயில், திரையரங்கு என்று புதிய பட்டியலோடு வந்து நின்றது. காரணம் கேட்கக்கூடாது என்றால் இடத்தையாவது சுருக்குவோம் என்பது அவர்கள் கணக்கு.

நம் நாட்டில் கதை தலைகீழ். இங்கே காரணம்தான் எல்லாம்.

1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், சட்டம் 206, துப்பாக்கியை வைத்திருப்பதையே குற்றமாக்கித் தொடங்குகிறது. லைசென்ஸ் என்பது அந்தக் குற்றத்திலிருந்து ஒருவருக்கு, ஒரு துப்பாக்கிக்கு, ஒரு காரியத்துக்குக் கொடுக்கப்படும் விலக்கு. கொடுப்பவர் மாநிலப் போலீஸ் தலைவர். கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. கேட்கும் உரிமை நமக்கு உண்டு, பெறும் உரிமை இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இந்தச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1971-இல் வந்த இன்னொரு சட்டம், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டுவதற்கென்றே வந்தது. அதன்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். இரண்டு துப்பாக்கிக்கு மேல் பிடிபட்டால் கடத்தல்காரர் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். பிள்ளைகள் விளையாடும் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம் என்ற சொல்லின் விளக்கத்துக்குள் அடங்கும் என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. போலித் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தவனும், அது சுடாது ஐயா என்று சொல்லித் தப்பமுடியாது. அவனுக்கும் சிறையும் பிரம்பும் உண்டு.

இடம் எங்கே வருகிறது? அமெரிக்க மாநிலங்களில் காண்பது போன்ற பட்டியலை ஆயுதச் சட்டத்தில் தேடிப் பயனில்லை. கோவில், மண்டபம், சாப்பாட்டுக்கடை என்று எழுதிவைத்த வரி இல்லை. இடம் காரணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எதற்காகக் கொடுத்தார்களோ அந்தக் காரியம் நடக்கும் இடமும், அங்கே போய்வரும் வழியும்தான் அந்தத் துப்பாக்கியின் உலகம்.

சுங்கை சிப்புட் பக்கம் பழத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். டுரியானையும் வாழையையும் குரங்கும் காட்டுப்பன்றியும் விட்டுவைப்பதில்லை. அவர் செனாபாங் பாத்தா என்று நாம் சொல்லும் மடக்குத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறார். தோட்டத்தில் பயிர் காக்கத்தான் அது. பன்றி வேட்டை என்று கிளம்பினால் போலீஸ் தாள் மட்டும் போதாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் வேட்டை லைசென்ஸ் வேண்டும். பன்றி ஓடி கொர்பு வனக்காப்பகத்துக்குள் நுழைந்துவிட்டது, இவரும் பின்னாலேயே நுழைந்தார் என்றால் வனத்துறையின் நுழைவு அனுமதி இல்லாமல் அங்கே காலடி வைத்ததே தவறு. ஒரே மனிதர், ஒரே துப்பாக்கி, அரை மணி நேர நடை. மூன்று இலாகாக்களின் எல்லையைத் தாண்டியிருப்பார். வேட்டை முடிந்து வரும் வழியில் அதைக் காரில் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தால் என்ன ஆகும்? காரின் கண்ணாடியை உடைத்து எவனாவது எடுத்துப்போனால், கவனக்குறைவுக்குப் பதில் சொல்லவேண்டியவர் லைசென்ஸ்காரர்தான்.

காவலாளியின் நிலை இன்னொரு மாதிரி. வங்கி வாசலில் பம்ப் துப்பாக்கியோடு நிற்பவருக்கு அது சொந்தமில்லை. லைசென்ஸ் கம்பெனியின் பெயரில். அவர் கையில் இருப்பது பெர்மிட், எடுத்துச்செல்லவும் பயன்படுத்தவும் மட்டும் உரிய அனுமதித் தாள். வேலை முடிந்தால் துப்பாக்கி கம்பெனியின் பாதுகாப்பு அறைக்குத் திரும்பவேண்டும். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக்கிளையில் காவலாளியே பெண் அதிகாரியைச் சுட்டுக்கொன்று பணத்தோடு ஓடினான். துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. வைத்திருந்தவனுடைய அடையாளக் கார்டுதான் போலி. அதற்குப் பிறகு காவல் கம்பெனிகள் மீது கெடுபிடி கூடியது. இடத்தைக் காக்கும் சட்டம் ஆளைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்குவது இவை எல்லாவற்றையும் விடக் கடினம். உயிருக்கு மெய்யான ஆபத்து இருப்பதைப் போலீஸ் ஏற்றுக்கொள்ளவேண்டும். நியூயார்க்கில் எந்த நிபந்தனை செல்லாது என்று தூக்கி எறியப்பட்டதோ, அதே நிபந்தனை இங்கே அடித்தளம். அப்படிக் கிடைத்த தாளில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பது வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும்தான் தெரியும். கல்யாண மண்டபத்தில் எதிர்மேசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணிக்குத் தெரிய வழியில்லை. இரண்டு வழக்கறிஞர்களும் ஆளுக்கொரு பதில் சொன்னதன் காரணம் அதுதான். அவர்கள் சட்டம் படித்திருந்தார்கள். அந்த மனிதரின் தாளைப் படித்ததில்லை.

இவ்வளவு இறுக்கமான சட்டம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம் போனால் போதும்.

1948 ஜூன் 16, காலை எட்டரை மணி. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்ட ஆபீசுக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். மேனேஜர் ஆர்தர் வாக்கர் மேசையில் இருந்தார். சுட்டுவிட்டு, வந்த சைக்கிளிலேயே போனார்கள். சிறிது நேரத்தில் சில மைல் தள்ளி பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளிலும், இரண்டு நாளில் கூட்டரசு முழுவதிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் வந்த விதிகளின்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி சுமப்பவனுக்குத் தூக்கு.

தோட்டங்களின் தோற்றமே மாறியது. துரை பங்களாவைச் சுற்றி முள்கம்பி, மணல்மூட்டை. துரை கித்தாக் காட்டைச் சுற்றிவர இடுப்பில் ரிவால்வரோடு போவார், கூட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். லயத்துச் சனங்கள் விடியலில் பெரட்டுக்கு நின்று, பால்வாளியோடு காட்டுக்குள் போகும்போது கேட்டில் சோதனை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் எதைக் கொண்டுபோகலாம், எதுவரை கொண்டுபோகலாம் என்ற சட்டம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. சோற்றுக்கும் வந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்று, பல இடங்களில் கேட்டைத் தாண்டி அரிசி எடுத்துப்போகவே தடை. அரிசியைச் சமைத்துக் கொடுத்தால் சீக்கிரம் புளித்துவிடும், சேர்த்துவைக்க முடியாது என்று பொதுச் சமையல் கட்டிய இடங்களும் உண்டு. என் தகப்பனார் தலைமுறை ஆட்களிடம் அவசரகாலத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் வருவது குண்டுச் சத்தமல்ல; மத்தியானச் சோற்றைத் தடுத்த கேட்டுதான்.

துரையின் இடுப்பில் துப்பாக்கி இருந்த அதே காலத்தில், மற்றவர்களிடம் ஆயுதம் இருந்ததாகச் சொல்லப்பட்டபோது என்ன ஆனது என்பதை மூன்று வழக்குகள் காட்டுகின்றன. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் மலேசியத் துப்பாக்கிச் சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

முதலாவது கணபதி. தஞ்சைப் பக்கம் பிறந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச்சில் ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தின் அருகே கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார் என்பது குற்றச்சாட்டு. இந்திய அரசு கருணை கேட்டது. பலனில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். முதல் நாள், மே 3-ஆம் தேதி, அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். கணபதி யாரையும் சுட்டார் என்பதல்ல வழக்கு. வைத்திருந்தார் என்பதுதான் வழக்கு.

இரண்டாவது சாம்பசிவம். இவருடைய பெயரைத் தோட்டத்துச் சனம் மறந்துவிட்டது. உலகம் முழுக்கச் சட்டப் புத்தகங்கள் மறக்கவில்லை. 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். ரிவால்வர் சுமந்தார் என்று ஒரு குற்றச்சாட்டு, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தார் என்று இன்னொன்று. தோட்டா வழக்கில் விடுதலை. ரிவால்வர் வழக்கு மறுவிசாரணைக்குப் போய், அதில் தூக்குத்தண்டனை. மறுவிசாரணையில் அரசுத் தரப்பு நம்பியது ஒரு வாக்குமூலத்தை. துப்பாக்கியும் தோட்டாவும் இரண்டுமே தன்னிடம் இருந்ததாக அதில் இருந்தது. தோட்டா அவரிடம் இல்லை என்று ஒரு நீதிமன்றம் முடிவு செய்தபிறகு, இருந்தது என்று சொல்லும் வாக்குமூலத்தைக் கொண்டு எப்படித் தூக்கிலிடலாம்? லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் தண்டனையை ரத்து செய்தது. ஒருமுறை விடுதலை என்று தீர்ந்தது, அதே ஆட்களுக்கிடையே மறுபடி எழும் எந்த வழக்கிலும் தீர்ந்ததுதான் என்ற அந்த விதியை இந்திய உச்ச நீதிமன்றம் 1956-இல் ப்ரீதம் சிங் வழக்கில் எடுத்துக்கொண்டது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலாயாத் தமிழன் ஒருவனின் கழுத்தில் விழவிருந்த கயிற்றிலிருந்து பிறந்த விதி அது.

மூன்றாவது வழக்கு ஈப்போவிலேயே நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் லீ மெங் என்ற இளம் சீனப் பெண், 1952-இல் பிடிபட்டார், கையெறி குண்டு வைத்திருந்தார் என்பது வழக்கு. அவருக்காக வாதாடியவர்கள் ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்கள், எஸ்.பி.யும் டி.ஆரும். அவர் வழக்கில் ஜூரி இல்லை. நீதிபதிக்குத் துணையாக இரண்டு அசெசர்கள். முதல் விசாரணையில் இருவருமே குற்றமில்லை என்றார்கள்; நீதிபதி ஒத்துக்கொள்ளாமல் மறுவிசாரணைக்கு அனுப்பினார். இரண்டாவது விசாரணையில் ஐரோப்பிய அசெசர் குற்றம் உண்டு என்றார், ஆசிய அசெசர் இல்லை என்றார். நீதிபதி ஐரோப்பியர் பக்கம் சாய்ந்து மரணதண்டனை விதித்தார். செய்தி உலகம் முழுக்கப் போனது. தான் சிறையில் வைத்திருந்த பிரிட்டிஷ் வணிகர் ஒருவருக்கு மாற்றாக இவரைக் கேட்டது ஹங்கேரி அரசு. 1953-இல் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். 1964-இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். சீனிவாசகம் சகோதரர்கள், தண்டனை குறைக்கப்பட்ட அதே 1953-இல் தொடங்கிய கட்சிதான் பின்னாளில் ஈப்போ நகராண்மையைக் கைப்பற்றிய பிபிபி. இன்று டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் பிள்ளைகளை ஊஞ்சலில் ஆட்டிவிடும் எத்தனை பேருக்கு, அந்தப் பெயர் ஒரு கையெறி குண்டு வழக்கில் உரத்துக் கேட்ட பெயர் என்று தெரியும்?

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. முடிந்த அதே ஆண்டில் ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்ததைத் தற்செயல் என்று சொல்லமாட்டேன். அவசரகால விதிகளில் இருந்த தூக்குக்கயிறு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆவது பிரிவில் போய் உட்கார்ந்தது. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாத துப்பாக்கிக்குக் கட்டாய மரணம். 1969-இல் நாடு முழுவதுமே பாதுகாப்புப் பகுதியானது. இடம் என்ற கேள்வியே அதோடு அர்த்தம் இழந்தது. எந்த இடத்தில் நின்றாலும் கயிறுதான். 1975 நவம்பர் 13 அன்று பேராக் போலீஸ் தலைவர் கூ சோங் கோங் ஈப்போவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கொந்தளிப்பான காலத்தில் நடைமுறைகள் மேலும் இறுகின. பினாங்கில் பிடிபட்ட 14 வயதுப் பையனுக்குத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக 1977-இல் மரணதண்டனை விதிக்கப்பட்டபோதுதான் நாடு திடுக்கிட்டது. பொதுமன்னிப்பு வாரியம் தலையிட்டு அவனை ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பியது.

2012-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் போனது. 57-ஆவது பிரிவும் கூடவே போனது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரணதண்டனையும் இல்லை. கொள்ளையின்போது துப்பாக்கியால் சுட்டவனுக்கு மரணம் அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறை, பிரம்படியோடு, என்று நீதிபதி தேர்ந்தெடுக்கலாம். அதே 2012-இல்தான் ரேலா என்ற மக்கள் தொண்டர் படையினர் துப்பாக்கி ஏந்தும் அதிகாரமும் புதிய சட்டத்தால் எடுக்கப்பட்டது. தோட்டத்து லயத்தில் ரேலா சட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு ஜாகா நின்ற மாமன்மாரை நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இனி இன்றைய இடங்களுக்கு வருவோம். ஆயுதச் சட்டத்தில் பட்டியல் இல்லை என்றேன். மற்றச் சட்டங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், பேரணிக்கு வருபவர் லைசென்ஸ் உள்ளவரா இல்லாதவரா என்று பார்ப்பதில்லை. ஆயுதத்தோடு வரக்கூடாது, அவ்வளவுதான். 1959-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டப்படி அறிவிக்கப்பட்ட அணைக்கட்டு, ராணுவ முகாம், அரசு வளாகம் ஆகியவற்றின் வாசலில் காவலர் உங்களைச் சோதிக்கலாம், திருப்பி அனுப்பலாம். விமானத்தில் கைப்பையோடு துப்பாக்கி ஏறாது, தாள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும். ஆனால் விமானநிலையத்தில் வரவேற்கக் காத்திருக்கும் கூடம்? 2024 ஏப்ரல் 14 நள்ளிரவு தாண்டி கோலாலம்பூர் விமானநிலையத்தின் வருகைக் கூடத்தில் ஒருவன் தன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டான். அவருடைய மெய்க்காவலருக்குக் குண்டு பாய்ந்தது. சோதனைக்கு முந்திய அந்தக் கூடத்தில் யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க அப்போது யாரும் இல்லை.

கோவில், மண்டபம், கடை ஆகியவை தனியார் இடங்கள். உரிமையாளர் வேண்டாம் என்றால் வெளியே போகவேண்டும். அதற்குத் துப்பாக்கிச் சட்டம் தேவையில்லை. சொல்லும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று எழுதாத கோவில் ஈப்போவில் உண்டா?

துப்பாக்கியை விட்டுவிட்டு, பால்மரம் சீவும் கத்தியைப் பார்த்தால் காரணமும் இடமும் எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்பது தெளிவாகும். 1958-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம், பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் பிரம்படியும் என்கிறது. சட்டபூர்வமான காரணம் இருந்தால் குற்றமில்லை. காரணத்தை நிரூபிக்கவேண்டியவர் வைத்திருப்பவரே. விடியற்காலை மரத்துக்குப் போகிறவர் கையில் கத்தியும் பாராங்கும் இருப்பதை எந்தப் போலீசும் கேட்டதில்லை. தோட்டம் செம்பனையாகி, லயம் இடிபட்டு, பிள்ளைகள் புந்தோங்கிலோ சிலிபினிலோ வீடு பிடித்தபிறகு, அதே பாராங் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் இரவு பத்து மணிக்குக் கிடந்தால் கதை வேறு. பொருள் மாறவில்லை, காரணம் செத்துவிட்டது. துப்பாக்கி லைசென்சும் இப்படித்தான் வேலை செய்கிறது.

வடக்கே பெங்காலான் உலு எல்லையைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். அங்கே வீட்டில் துப்பாக்கி வைத்திருக்க ஒரு தாள், வெளியே சுமந்துபோக வேறொரு தாள். இரண்டாவது எளிதில் கிடைக்காது. வைத்திருப்பதையும் சுமப்பதையும் பிரித்துச் சொன்ன இந்த ஏற்பாடு நமக்கும் தேவை என்று எனக்குப் படுகிறது. அங்குள்ள தாள் எதுவும் எல்லைக்கு இந்தப் பக்கம் செல்லாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் அடித்தளம் நம்முடையதுதான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், மாவட்ட அதிகாரியின் லைசென்ஸ். ஒரு நல்ல வழக்கம் அங்கே உண்டு. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2019 திருத்தத்தில் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று குறைத்தார்கள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தனிக்குற்றமாக்கி 2 ஆண்டு வரை சிறை வைத்தார்கள். இடக்கட்டுப்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் தமிழ்நாடு அறியும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டது எந்தத் தடைசெய்யப்பட்ட இடத்திலும் அல்ல; ராமாவரத்தில், எம்.ஜி.ஆரின் சொந்த வீட்டில்.

என் முடிவு இது. நம் சட்டம் இறுக்கமாக இருப்பது சரி. அமெரிக்கப் பாதைக்குப் போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பேராக்கில் வளர்ந்த யாரும் நினைக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன். சௌக்கில் 2000 ஜூலையில் முகாம் ஆயுதங்களைத் திருடிய கும்பலிடம் சிக்கி உயிர்விட்ட போலீஸ்காரர் சகாதேவனும் படைவீரர் மேத்தியூ மேடானும் இந்த மண்ணில்தான் செத்தார்கள். ஆனால் இறுக்கம் வேறு, மறைப்பு வேறு. லைசென்ஸ் யாருக்கு இருக்கிறது என்பது ரகசியமாக இருக்கட்டும். லைசென்ஸ் வைத்திருப்பவர் எங்கே வரக்கூடாது என்பது எதற்கு ரகசியம்? கைத்துப்பாக்கி லைசென்சில் போடும் பொதுவான இடநிபந்தனைகளை உள்துறை அமைச்சு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு போலீஸ் பாலாயிலும் ஒட்டவேண்டும். வழிபாட்டிடம், பள்ளி, மதுக்கடை, கல்யாண மண்டபம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி அதில் சேர்க்கவேண்டும். மண்டபக்காரர்களும் கோவில் நிர்வாகத்தினரும் அமைச்சுக்காகக் காத்திருக்காமல் இன்றே ஒரு பலகை மாட்டலாம்.

கடைசியாக, பழைய தோட்ட வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தாத்தா இறந்ததும் அவருடைய லைசென்சும் முடிந்துவிட்டது. பரணில் அவருடைய பழைய செனாபாங் கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். நல்லது செய்கிறோம் என்று காரில் போட்டுக்கொண்டு பாலாய்க்கு எடுத்துப்போகவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அறையைப் பூட்டி, பாலாய்க்குப் போன் செய்து அவர்களை வரச்சொல்லுங்கள்.